இலக்கியம் வளர்த்த குடிப்பெயர்கள்

பெயரைச் சொல்லி முடிக்குமுன் "வீட்டுப்பேர் எந்தா?" என்று வினவுவது மலையாள நாட்டு மரபு. கொச்சியில் குடியேறிய தமிழர் எவரும் இவ்வினாவிற்குத் தப்பியிருக்க இயலாது. தேவராவிலும் மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் நெடுநாளாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களில் முதியோர்க்கு ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் இரண்டு தலைப்பெழுத்துகளாய் முன்னே நிற்கும். வீட்டுப்பெயர் என்று தனியே ஒன்று இராது. சாதிப் பட்டம் ஒன்று பெயரின் வாலாக இருந்த காலமும் உண்டு. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு அவ்வாலை அறுத்தெறியத் தீர்மானம் நிறைவேற்றியது. அறுத்தவர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிப் படிவத்திலும் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தின் முன் திகைத்து நிற்கின்றனர். தந்தையின் பெயரை எழுதுவோர் சிலர். பாட்டனார் துறந்த பட்டத்தைத் தேடியெடுத்து மீண்டும் ஒட்டிக்கொள்வோர் சிலர். "நமக்கும் ஒரு பெரிய குடும்பப் பெயர் வேண்டாமா?" என்னும் ஏக்கம் இதனூடே இழையோடுவதைக் காண்கிறோம்.

ஒரு பெயர் எவ்வாறு பெருங்குடும்பப் பெயராகிறது? அரசாண்டதனாலா, அரசியலில் நின்றதனாலா, அன்றிப் பாடலிலும் கதையிலும் இடம்பெற்றதனாலா? மூன்றாவதே மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

நாம் வாழும் ஊரிலிருந்தே தொடங்குவோம். வெண்டுருத்திப் பாலமும் தோப்பும்படிப் பாலமும் கடந்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்வோர், முடிசூட்டு மண்டபத்தில் 1864 முதல் ஆண்ட கொச்சி மன்னர்களின் ஓவியங்களைக் காணலாம். முகங்கள் பல, பெயர்களோ மிகச் சில. ராமவர்மா, கேரளவர்மா, மீண்டும் ராமவர்மா என்றே அவ்வரிசை செல்கிறது. பெரும்படப்பு ஸ்வரூபத்தில் பெயர் என்பது ஆளுக்கு உரியதன்று, பீடத்திற்கு உரியது. திருவிதாங்கூரிலும் வர்மாக்களே ஆண்டனர். அதனால் இரண்டு அரச குடும்பங்களும் ஒன்றென யாரும் மயங்குவதில்லை. ஆயினும் ஒரே பெயருடைய மன்னர் பலரை மக்கள் எப்படிப் பிரித்தறிவது? கொச்சி மக்கள் அதற்கொரு வழி கண்டனர். 1932இல் சென்னையில் காலமானவர் 'மதராசியில் தீப்பெட்ட தம்புரான்' ஆனார். அவருக்குப் பின் வந்து 1941இல் மறைந்தவர் 'சொவ்வரயில் தீப்பெட்ட தம்புரான்' ஆனார். தீப்பெடுதல் என்பது அரச குலத்தார் மறைவைக் குறிக்கும் மதிப்புச் சொல். மன்னராய் வாழ்ந்தபோது பொதுப்பெயர். தனிப்பெயர் கிடைத்ததோ இறந்த ஊரால்! ஐக்கிய கேரளத்தை ஆதரித்தமையால் 'ஐக்கிய கேரளத் தம்புரான்' என்று பெயர் பெற்ற கேரளவர்மா இதற்கு விலக்கு. அவர் செய்த செயல் அவருக்குத் தனிப்பெயர் தந்தது.

இதே கொச்சியில் 1524 டிசம்பர் 24ஆம் நாள் இறந்து, கோட்டைக் கொச்சித் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றவர் வாஸ்கோ ட காமா. அவர்தம் எச்சங்கள் 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறைக் குழி காலியாயிற்று, பெயர் போகவில்லை. மகன் எஸ்தேவான் ட காமா 1540 முதல் 1542 வரை கோவாவில் ஆளுநராயிருந்தார். கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா இருமுறை அரசப் பிரதிநிதியாய் வந்தார். விதிகெய்ரா என்னும் ஊரின் பிரபுப் பட்டம் அக்குடும்பத்தின் வழிவழிச் சொத்தாயிற்று. பிரபுத்துவமும் அரசியலும் ஒருங்கே அமைந்த குடிப்பெயர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும் உலகம் காமாவை அறிந்தது பட்டத்தால் அன்று. 1572இல் கமோயென்ஷ் இயற்றிய 'லூசியாதஷ்' என்னும் காப்பியம் அவரைத் தலைவனாக்கியது. அக்காப்பியத்தில் ஓரிடத்தில் கவிஞர் சற்று மனக்கசப்புடனே பேசுகிறார்: காமாவும் அவர் வழியினரும் கலைமகளிடம் நட்புப் பூண்டவர் அல்லர், நாட்டன்பினால் மட்டுமே கலைமகள் அவர் புகழைப் பாட இசைந்தாள் என்பது அவர் கூற்றின் சாரம். புரவலர் குடும்பத்தின் முகத்துக்கு நேரே இவ்வாறு கூறிய புலவர் நம் மரபிலும் உண்டு. பரிசில் தராத வள்ளலை நோக்கிப் புறநானூற்றுப் புலவர்கள் பேசிய குரலே இது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் மீண்டும் கொச்சிக்குக் கப்பலேறி வந்தது, இம்முறை ஒரு புதினத்தில். சல்மான் ருஷ்டி 1995இல் வெளியிட்ட 'மூரின் இறுதிப் பெருமூச்சு' என்னும் ஆங்கில நாவலில் கொச்சி மிளகு வணிகக் குடும்பம் ஒன்று ட காமா என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. வாஸ்கோவின் வழியில், அதுவும் மணவாழ்க்கைக்குப் புறம்பான கிளையில் வந்தோம் என்று அக்குடும்பம் சொல்லிக்கொள்கிறது. மெய்யா பொய்யா என்று நாவல் தீர்ப்புக் கூறவில்லை. தந்தை பிரான்சிஸ்கோ, மக்களுள் ஒருவர்க்குக் கமோயென்ஷ் என்னும் கவிஞர் பெயர். தலைவனைப் பாடிய கவிஞன், தலைவன் குடும்பத்துப் பிள்ளையாகவே பிறந்துவிடுகிறான். இக்குறும்பு ருஷ்டிக்கே உரியது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் வளர்ந்த ஆபிரகாம் ஸோகாய்பி மிளகுக் கிடங்கில் வேலை செய்து அக்குடும்பப் பெண்ணைக் காதலிக்கிறான். அவனது குடிப்பெயருக்குப் பொருள் 'பேறற்றவன்' என்பதாம். கிரனடாவை இழந்த மூர் அரசனுக்கு வழங்கிய வசைப்பெயர் அது. ஒரு பெயர் வென்றவனுடையது, மற்றொன்று தோற்றவனுடையது. இரண்டும் மிளகு மூட்டைகளுக்கிடையே கலக்கின்றன. நாவலின் பிற்பகுதி பம்பாய்க்குச் சென்றபின் தளர்ந்து, செய்தித்தாள் அரசியலில் சிக்கிக்கொள்கிறது என்பது என் மதிப்பீடு. கொச்சிப் பகுதியே அதன் உயிர்.

ஆனால் கொச்சிக் கடற்கரையின் மெய்யான வரலாறு ருஷ்டியின் கற்பனையினும் பெரிது. இங்கும் நம் தூத்துக்குடிக் கரையிலும் இலங்கையிலும் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, ரொட்ரிகோ என்னும் பெயர்கள் ஆயிரக்கணக்கில் வழங்குகின்றன. முத்துக்குளித்துறைப் பரதவர் தலைவர்கள் போர்ச்சுக்கீசியரின் துணை வேண்டி 1535ஆம் ஆண்டளவில் இதே கொச்சிக்கு வந்து திருமுழுக்குப் பெற்றனர். அடுத்த ஆண்டுகளில் கரை முழுவதும் மதம் மாறியது. ஞானத்தந்தையாய் நின்ற போர்ச்சுக்கீசியர் பெயர் பரதவர் பெயராயிற்று. இரத்தத் தொடர்பு ஏதுமில்லை. ஒரே குடிப்பெயர் தாங்கியோரெல்லாம் ஒரே குடும்பத்தார் என்று எண்ணுவோர் ஒருமுறை தூத்துக்குடிக்குச் சென்று பெர்னாண்டோ என்று அழைத்துப் பார்க்கலாம்!

குடும்பப் பெருமையை நகையாடுவதற்கு மலையாள இலக்கியத்தில் பஷீரை மிஞ்சியவர் இலர். 1951இல் அவர் எழுதிய 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனை இருந்தது' என்னும் சிறு நாவலில் தாய் தன் தந்தை வைத்திருந்த யானையைச் சொல்லிச் சொல்லியே வறுமையிலும் தலைநிமிர்ந்து திரிகிறாள். இறுதியில் தெருப்பிள்ளைகள் அது குழியானை என்று கூவிவிடுகின்றனர். மணலில் குழி பறிக்கும் அச்சிறு பூச்சியை அறியாதார் யார்? எம். டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' (1958) இதே நோயைக் கண்ணீரோடு காட்டுகிறது. பஷீர் சிரிப்போடு காட்டுகிறார். சிரிப்பே ஆழமாய்த் தைக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். வரலாற்றுக் குடிப்பெயரைக் கதைக்குக் கொணர்ந்தவருள் கல்கியே முதல்வர். 'பொன்னியின் செல்வ'னில் வரும் பழுவேட்டரையர் சகோதரர்களை வாசகர் எவரும் இயற்பெயரால் நினைவுகூர்வதில்லை. பெரியவர், சின்னவர் என்பதே அடையாளம். கல்வெட்டுகளிலோ கண்டன், மறவன் என்னும் இயற்பெயர்களுடன் தலைமுறை தலைமுறையாய்ப் பழுவேட்டரையர் பலர் வாழ்கின்றனர். பழுவூர்க் கோயில்களுக்கு நிவந்தம் அளிக்கின்றனர். அன்பிற் செப்பேடு முதற் பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளைக் கேரள அரசன் மகள் என்றே குறிக்கிறது. நம் கொச்சி வாசகர்க்கு இச்செய்தி இனிக்கும். கல்கி அக்குடும்பத்தின் பல தலைமுறைகளை இரண்டு ஆட்களுக்குள் அடைத்துவிட்டார். கதைக்கு அது வலிமை, வரலாற்றுக்கு இழப்பு. நாவலின் செல்வாக்கால் இன்று பழுவேட்டரையர் என்றால் சதிக்கூட்டத் தலைவர் என்றே பலர் கொள்கின்றனர். சோழர்க்காகப் போர்முனையில் நின்ற குடி அது.

குடிப்பெயர் ஒன்றின் முழு வாழ்க்கையையும் காண விரும்புவோர் தொண்டைமான் என்னும் பெயரையே நோக்குதல் வேண்டும். சங்க காலத்திலேயே அது பிறந்துவிட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஐந்நூறு அடிகளில் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். சோழ மன்னனுக்கும் நாகர் மகளுக்கும் பிறந்து, தொண்டைக் கொடியை அடையாளமாய்ச் சுற்றிக் கடலில் விடப்பட்ட குழந்தையைத் திரை கரைசேர்த்தது என்று நச்சினார்க்கினியர் கதை கூறுவர். ஆக, இப்பெயரே கடல் கடந்து வந்த பெயர். அதியமானின் தூதாய்த் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசிப் பொலிகின்றன, எம் அரசன் படைக்கலங்களோ சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் இகழ்ந்த பாடல் புறநானூற்றில் உள்ளது. பெருமையும் எள்ளலும் ஒருசேர அப்பெயருக்கு வாய்த்தன. பின்னர்ப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். செயங்கொண்டார் பரணி பாடி அவனை அழியா நிலையில் நிறுத்தினார்.

இவ்விருவர்க்கும் புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கும் வழித்தொடர்பு காட்டும் சான்று இல்லை. அவர்தம் குடும்ப மரபு, தொண்டைமண்டலத்திலிருந்து தெற்கே வந்து அம்புக்கோவில் பகுதியில் தங்கியதாகச் சொல்கிறது. இடம்பெயர்ந்தோர் தம் பழைய நாட்டைப் பெயரிற் சுமந்து வந்தனர் என்று கொள்வோமாயின், அது நமக்குப் புரியாத செய்தியன்று. கிழவன் சேதுபதி அக்குடும்பத்துக் காத்தலி நாச்சியாரை மணந்து, அவர் உடன்பிறந்தாராகிய ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கியது 1686ஆம் ஆண்டளவில். அரசு 1948 மார்ச் மாதம் இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை நிலைத்தது. இடையில் பெயரின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலிய நாட்டு மோலி பிங்க் என்னும் நங்கையை மணந்தார். அவர்கட்குப் பிறந்த மகன் தந்தை பெயரைத் தாங்கினான். ஆனால் ஆங்கில அரசு அவனை வாரிசாக ஏற்க மறுத்தது. 1928இல் மன்னர் பாரிசில் மறைந்தபின் ஆறு வயதுச் சிறுவர் ராஜகோபாலத் தொண்டைமான் அரியணை ஏறினார். பெயர் ஒருவனிடம், பீடம் மற்றொருவனிடம்!

இலங்கை மலையகத்தில் இப்பெயர் ஐகாரம் குறுகித் தொண்டமான் என்று வழங்குகிறது. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள முனாப்புதூரில் 1913இல் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான், இறம்பொடைப் பகுதியில் தோட்டம் வாங்கிய தந்தையிடம் சென்று சேர்ந்தார். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளர் தலைவரானது அந்நாட்டு அரசியலின் வியப்புகளுள் ஒன்று. 1947இல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. இந்தியாவுக்கு வந்தவருள் ஒரு பகுதியினர் கேரளத்தில் புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். நம்மினும் கடினமான வழியில் இம்மண்ணுக்கு வந்த தமிழர் அவர்கள். தொண்டமான் 1978இல் அமைச்சரானார். 1999இல் மறையும்வரை அமைச்சராகவே இருந்தார். பின் பேரன் ஆறுமுகன் தொண்டமான் 2020இல் மறையும்வரை தலைமை தாங்கினார். அவர் மகன் ஜீவன் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அமைச்சராயிருந்தார். மலையக மக்கள் உரிமை மீண்டும் பெற்றதில் இக்குடும்பத்தின் பங்கை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆயினும் செக்ரோலில் தன் பெயரும் தகப்பன் பெயரும் தவிர வேறொன்றும் பதியாத தொழிலாளி, நான்கு தலைமுறையாக ஒரே குடிப்பெயருக்கு வாக்களித்து வந்திருப்பது சிந்தனைக்குரியது. மலையகத்தில் பிறந்த இலக்கியம் லயன் அறைகளைப் பாடியதே அன்றிப் பங்களாவைப் பாடவில்லை.

தமிழ்நாட்டிலோ இப்பெயர் எழுத்தாளர் வீட்டிலும் விளங்கியது. திருநெல்வேலியைச் சேர்ந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் ஆட்சித்துறையில் உயர்ந்து மாவட்ட ஆட்சியராய் விளங்கியவர், ரசிகமணி டி. கே. சி.யின் வட்டத்தவர், தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் உருவாகக் காரணமானவர், 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதிக் கோயில்களை வீட்டு முற்றத்துக்குக் கொணர்ந்தவர். அவருடைய இளவல் தொ. மு. சி. ரகுநாதன் பொதுவுடைமையாளர், புதுமைப்பித்தன் வரலாற்றை எழுதியவர், நெல்லைச் சீமை நெசவாளரின் பட்டினியை 'பஞ்சும் பசியும்' (1953) என்னும் நாவலாக்கியவர், பாரதி ஆய்வுக்காக 1983இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் பெயரின் முடிவில் தொண்டைமான் முழங்குகிறது. இளையவர் பெயரில் அது வெளிப்படவே இல்லை. மூத்தவர் நடை கதைப்பேச்சு. இளையவர் நடை வழக்குமன்ற வாதம். ஒரே வீட்டில் இருவகையும் விளைந்தன.

இத்துணைப் புகழ் வாய்ந்த பெயருக்கு ஒரு கறையும் உண்டு. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர் விஜய ரகுநாதத் தொண்டைமான். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கு. ஆனால் தமிழில் காட்டிக்கொடுப்பவனுக்கு வழங்கும் பெயர் யாது? எட்டப்பன்! எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர் அனைவரும் தாங்கிய குடிப்பெயர். ஆதரவற்ற எண்மர்க்கு அப்பனாய் நின்ற முன்னோனால் வந்தது என்பது அக்குடும்ப மரபு. அன்றைய எட்டயபுரத்தார் ஆங்கிலேயர் பக்கம் நின்றனர் என்பது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒப்படைத்த பெயர் நிமிர்ந்து நிற்க, துணைநின்ற பெயர் வசைச்சொல்லாகி அகராதி ஏறியது ஏன்?

காரணம் இலக்கியத்தில் உள்ளது. தொண்டைமான் என்றதும் இளந்திரையனும் கருணாகரனும் முன்னே வந்து நின்றுவிடுகின்றனர். 1799இன் தொண்டைமான் பலருள் ஒருவனாய்க் கூட்டத்தில் மறைந்து கொள்கிறான். எட்டப்பனுக்கோ அத்தகைய முன்னோர் வரிசை தமிழர் நெஞ்சில் இல்லை. கட்டபொம்மன் கதைப்பாடலும் தெருக்கூத்தும், அவற்றின் வழிவந்து 1959இல் வெளியான திரைப்படமும் ஊட்டிய ஒரே கதைதான் அப்பெயருக்கு உண்டு. பல கதைகளில் வாழும் பெயரை ஒரு கதை கெடுக்க முடியாது. ஒரே கதையில் வாழும் பெயர் அக்கதையோடு கெடுகிறது. திரைப்படம் கலைநயம் மிக்கதுதான். நடிகர் திலகத்தின் முழக்கம் இன்றும் செவியில் ஒலிக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் அத்தனை தலைமுறையையும் ஒரே சொல்லால் அடித்துவிடுதல் நீதியன்று. அக்குடும்பத்தின் பின்தோன்றல்கள் இச்சொல் வழக்கைக் கண்டு வருந்துகின்றனர், அவ்வருத்தம் நியாயமானது.

இத்தனைக்கும் எட்டயபுரம் கலை வளர்த்த அரண்மனை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அதன் அவைக்களப் புலவர். முத்துசாமி தீட்சிதர் 1835இல் அவ்வூரிலேயே மறைந்தார். சுப்பையா என்னும் சிறுவனுக்கு 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் அங்கேதான். தந்தை சின்னசாமி ஐயர் சமஸ்தானத்து ஊழியர். இப்பட்டம் பின்னர்த் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குப் பெயராயிற்று! குருதித் தொடர்பின்றி ஒரு பெயர் பெருகியதற்கு இதுவும் சான்று.

எட்டயபுர அரச வமிசத்துக்குத் தமிழில் ஒரு குடும்ப வரலாறும் உண்டு. சுவாமி தீட்சிதர் இயற்றிய 'வம்சமணி தீபிகை' 1879இல் அச்சேறியது. பழைய முறை உரைநடை, பிழை மலிந்தது. 1919இல், கடையத்தில் வறுமையில் உழன்றுகொண்டிருந்த பாரதியார், அதனைத் திருத்தி இனிய தமிழ் நடையில் எழுதித் தருவதாக எட்டயபுர மன்னருக்குக் கடிதம் விடுத்தார். அப்பணி நடைபெறவில்லை. இரண்டாண்டில் பாரதியார் மறைந்தார். மன்னர் அன்று இசைந்திருந்தால் எட்டப்பன் என்னும் பெயருக்கும் ஓர் இளந்திரையன் வாய்த்திருப்பான்; 1959இல் திரைக்கதை எழுதியவர்கள் வேறொருவனைத் தேட வேண்டியிருந்திருக்கும்.